யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம்?



இரண்டு நகரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், பள்ளிப் பிள்ளை அளவுகோலை எடுத்துத் தேசப்படத்தின்மீது வைப்பான். பிரயாணி அவ்வாறு செய்வதில்லை. எப்பொழுது புறப்பட்டால் எப்பொழுது போய்ச் சேரலாம் என்று கேட்பான். முன்னவன் அறிய விழைவது தூரம். பின்னவன் அறிய விழைவது காலம். தூரம் சிறிதாயின் காலமுஞ் சிறிதாகும், தூரம் பெரிதாயின் காலமும் பெரிதாகும் என்பதே பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் எல்லா விடத்துஞ் செல்லாது. அதனை எடுத்துக்காட்டுதற்கு யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் விடப் பொருத்தமான இரு நகரங்களைக் காண்பது அரிது.

முதலில் தேசப்படத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாண நகரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகை 40 கலையில் உள்ளது. சென்னை மாநகரம் 13 பாகை 5 கலையில் உள்ளது. நெடுங்கோட்டை நோக்கினால், இரண்டும் கிழக்கே 80 பாகையை ஒட்டியே அமைந்திருக்கின்றன. அதாவது, சென்னை யாழ்ப்பாணத்துக்கு நேர் வடக்கே உள்ளது என்று சொல்லிவிடலாம். இரு நகரங்களிலும் சூரியன் உச்சிக்கு வரும் வேளை ஏறக்குறைய ஒன்றே.

அகலக்கோட்டில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைலுக்குச் சமம். அறுபது கலை கொண்டது ஒரு பாகை. ஆகவே ஒரு பாகைக்கு அறுபது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். இவ்வாய்பாட்டை அறிந்த மாணவன் அளவுகோல் இல்லாமலே தூரத்தைச் சொல்லிவிடுவான். இரு நகரங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு 3 பாகை 25 கலை. கலையாக்கினால் 205. ஆகவே 205 கடல் மைல். கிலோமீற்றரிற் சொன்னால் ஏறத்தாழ 380.

ஆயினும் விமானம் நகரத்தின் நடுவிலிருந்து எழுவதுமில்லை, நகரத்தின் நடுவில் இறங்குவதுமில்லை. யாழ்ப்பாணத்தின் விமான நிலையம் நகருக்கு வடக்கே சுமார் 16 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பலாலியில் இருக்கின்றது. சென்னையின் விமான நிலையம் நகருக்குத் தென்மேற்கே மீனம்பாக்கத்தில் இருக்கின்றது. தற்செயலாக, ஒன்று வடக்கு நோக்கியும் மற்றொன்று தெற்கு நோக்கியும் விலகி, ஒன்றையொன்று எதிர்கொண்டு வந்து நிற்பன போல அமைந்துவிட்டன. அதனால் இரு விமான நிலையங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் இன்னுங் குறைகின்றது. அது சுமார் 350 கிலோமீற்றர். 190 கடல் மைல் என்க. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குத் தரைவழியே செல்லும் பெருந்தெருவின் நீளமோ ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஆகவே யாழ்ப்பாணத்தானுக்கு அவனது நாட்டின் பெருநகரைக் காட்டிலும் சென்னை, பறவையின் கணக்கில் மட்டுமன்றிப் பயணியின் கணக்கிலும், சற்றுக் கிட்டவே இருக்கின்றது. இது தேசப்படம் சொல்லும் உண்மை.

இனிக் காலக் கணக்குக்கு வருவோம். இவ்வழியில் இக்காலத்தில் ஈடுபடுத்தப்பட்ட விமானம் ஏ.டி.ஆர். 72 என்னும் வகையைச் சேர்ந்தது. இரண்டு சுழல்விசிறிகளை உடையது. சுமார் எழுபது பேரை ஏற்றிச் செல்ல வல்லது. உயரத்தை அடைந்து நேரே பறக்கும்பொழுது மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். 350ஐ 500ஆல் வகுத்தால் 42 நிமிடம் வருகின்றது. ஆனால் விமானக் கம்பனியின் கால அட்டவணை ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகக் காட்டும். கணக்கிற் பிழையா, அட்டவணையிற் பிழையா? இரண்டிலும் பிழை இல்லை.

விமானம் புறப்பட்ட கணமே முழுவேகத்தை அடைந்துவிடுவதில்லை. தரையில் மெல்ல நகர்ந்து ஓடுபாதையின் முனைக்குச் செல்ல வேண்டும். எழுந்தபின் உயரத்தை நோக்கி ஏற வேண்டும். ஏறுங்கால் வேகங் குறைவு. இறங்குமிடத்தை அணுகும்போதும் வேகத்தைக் குறைக்க வேண்டும். சென்னை போன்ற நெரிசல் மிக்க நிலையத்தில் முறை வரும்வரை வானிலேயே வட்டமிட நேர்வதும் உண்டு. இறங்கியபின் மீண்டும் தரையில் நகர்ந்து நிற்குமிடத்தை அடைய வேண்டும். கால அட்டவணை காட்டுவது இவை யாவுஞ் சேர்ந்த காலத்தை. விமானம் நின்ற இடத்தைவிட்டு அசைந்த கணத்திலிருந்து மறு நிலையத்தில் அசைவற்று நிற்கும் கணம் வரையிலான காலம் அது.

காற்றையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகமுள்ள காற்று எதிரே வீசினால், தரையை நோக்க விமானத்தின் வேகம் 450 ஆகக் குறையும். 42 நிமிடம் 47 நிமிடமாகும். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 38 நிமிடமே போதும். கடல் கடந்து பத்து மணித்தியாலம் பறக்கும் விமானத்துக்குக் காற்று ஒரு மணித்தியாலத்தையே கூட்டவோ குறைக்கவோ செய்யும். இக்குறுகிய வழியிலோ அது செய்யத்தக்கது நாலைந்து நிமிட வேறுபாடே.

இவ்விடத்தில் நேயர்கள் ஒரு வியப்பைக் காணலாம். 1947ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 10ஆம் நாள், எயர் சிலோன் நிறுவனம் தனது முதலாவது சேவையை ஆரம்பித்தது. இலங்கை சுதந்திரம் பெறுதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் நிகழ்ந்தது அது. அம்முதல் விமானம் சென்ற வழி எது? இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை; காங்கேசன்துறையிலிருந்து சென்னை. காங்கேசன்துறை என்று அக்காலத்தில் வழங்கப்பெற்ற விமானத்தளம் பலாலியில் உள்ள தளமேயாம். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படையினர் அமைத்தது அது. நாட்டின் சொந்த விமானச் சேவை முதன்முதலாகக் கடல் கடந்து சென்றது யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தொட்டுக்கொண்டு சென்னைக்கே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அன்று பறந்தது டக்கோட்டா விமானம். மணிக்குச் சுமார் 270 கிலோமீற்றர் வேகம் உடையது. அக்கணக்கிற் பார்த்தால், பலாலியிலிருந்து சென்னைக்கு ஏறுதலும் இறங்குதலும் உட்பட ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் ஆகும். எழுபது ஆண்டுகள் கழித்து, ஏறக்குறைய இருமடங்கு வேகமுள்ள விமானம் வந்தபின் மிச்சப்பட்டது கால் மணித்தியாலத்துக்குச் சிறிது அதிகம். மணிக்கு 800 கிலோமீற்றர் செல்லும் பெரிய தாரை விமானத்தைக் கொணர்ந்து விட்டாலும் இன்னும் ஒரு கால் மணித்தியாலத்தையே மீதப்படுத்த இயலும். குறுகிய வழியில் விமானத்தின் வேகம் பெரிய பொருளன்று. வழி திறந்திருக்கின்றதா அடைபட்டிருக்கின்றதா என்பதே பெரிய பொருள்.

விமானத்துக்கு முன் இவ்வழி எவ்வாறு இருந்தது? பாய்மரத் தோணிகளே பல நூற்றாண்டுகளாகக் குடாநாட்டுத் துறைகளையும் சோழமண்டலக் கரையையும் இணைத்தன. கோடிக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே உள்ள கடல் ஐம்பது கிலோமீற்றருக்குச் சிறிது அதிகமே. காற்று வாய்த்தால் ஓரிரவிற் கடக்கலாம். வாய்க்காவிட்டால் துறையிலேயே நாட்கணக்கிற் காத்துக் கிடக்க வேண்டும். ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டில் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுச் சென்னைக்குச் சென்றார். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை அளித்தது. வண்ணார்பண்ணைக்கு அச்சுக்கூடம் வந்தது அவ்வழியே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவரும் யாழ்ப்பாணத்தவர்களே, ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் விசுவநாதபிள்ளை. அவர்களுக்கு விமானமும் இல்லை, புகையிரதமும் இல்லை. எனினும் சென்னை அவர்களுக்குத் தூரதேசமாகத் தோன்றவில்லை. படிப்புக்கும் பதிப்புக்கும் உரிய அயலூராகவே தோன்றியது.

1914ஆம் ஆண்டிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் வந்தது போட் மெயில் என்று மக்கள் வழங்கிய பிரயாணம். சென்னை எழும்பூரிற் புகையிரதம் ஏறுபவர் ஓரிரவு முழுதும் பிரயாணஞ் செய்து மறுநாள் தனுஷ்கோடியை அடைவார். அங்கே கப்பலேறி, ஏறத்தாழ 35 கிலோமீற்றர் கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்குவார். மீண்டும் புகையிரதம், மீண்டும் ஓரிரவு. கொழும்புக்குச் செல்பவர் தெற்கே போவர். யாழ்ப்பாணத்துக்குச் செல்பவர் மதவாச்சியில் இறங்கி வடக்கே செல்லும் வண்டிக்கு மாறுவர். நேரே வந்தால் 380 கிலோமீற்றராகிய வழிக்கு இரண்டு இரவுகள் செலவாயின. ஆயினும் ஒரு சீட்டை எடுத்தால் ஊர்போய்ச் சேரலாம் என்னும் உறுதி இருந்தது. ஏழையும் செல்லக்கூடிய வழியாக அது இருந்தது. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்துப் பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்து, அவ்வூரை அணுகிக்கொண்டிருந்த புகையிரதத்தையும் அதிலிருந்த மக்களையும் கடலுக்கு இரையாக்கியது. அதன்பின்னர்க் கப்பல் இராமேசுவரத்திலிருந்து சென்றது. 1980களின் நடுப்பகுதியிற் போர்ச் சூழ்நிலையில் அதுவும் நின்றுபோயிற்று.

வான்வழியோ அதற்கு முன்னரே நின்றது. 1978ஆம் ஆண்டில் எயர் சிலோன் செயலிழந்தது. அதன் இடத்தில் 1979ஆம் ஆண்டு எயர் லங்கா தோன்றியபொழுது, வெளிநாட்டுச் சேவை முழுவதும் கட்டுநாயக்காவிற் குவிந்தது. பின்னர்ப் போர் வந்தது. பலாலி படைத்தளமாயிற்று. 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதமும் நின்றது. தேசப்படத்தில் ஓர் அங்குலமும் மாறவில்லை. சென்னை முன்பு நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால் பிரயாணியின் கணக்கு அடியோடு மாறிவிட்டது.

அப்புதிய கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் தகும். யாழ்ப்பாணத்தான் சென்னைக்குப் போக வேண்டும். சென்னை வடக்கே இருக்கின்றது. அவனோ தெற்கே புறப்படுகின்றான். போர் முடிந்து பெருந்தெரு திறந்த பின்னரும், கட்டுநாயக்காவை அடைய இரவு பஸ் வண்டியில் ஏழெட்டு மணித்தியாலம். விமானம் புறப்படுதற்கு மூன்று மணித்தியாலம் முன்னதாகவே அங்கே நிற்றல் வேண்டும். பின்பு 640 கிலோமீற்றர் வான்வழி. அதற்கு ஒரு மணி இருபது நிமிடமளவு. சென்னையில் இறங்கிச் சோதனைகளை முடித்து வெளியேற மேலும் ஒரு மணித்தியாலம். கூட்டினால் பதின்மூன்று மணித்தியாலம் ஆகின்றது. தூரமோ ஆயிரங் கிலோமீற்றருக்கு மேலாகின்றது. கொழும்பிலிருந்து 8,700 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இலண்டனுக்கு நேரே பறக்கும் விமானம் ஏறத்தாழ பதினொரு மணித்தியாலத்திற் போய்ச் சேருகின்றது. 350 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அயல்நகரம் அதனிலும் தூரமாகிவிட்டது.

இன்னும் ஒன்று. கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்குத் தேசப்படத்தில் ஒரு நேர்கோடு வரைந்து பாருங்கள். அக்கோடு யாழ்ப்பாண நகரத்தின் மேலாகவே செல்லும். இரவெல்லாம் பஸ் வண்டியில் விழித்திருந்து தெற்கே சென்றவன், மறுநாள் விமானத்தில் ஏறி, புறப்பட்ட வீட்டுக்கு நேரே மேலாகப் பறந்து, அதன்பின்னரே சென்னையை அடைகின்றான் என்பது அக்கோடு சொல்லும் செய்தி.

கடிகாரமும் ஒருகாலத்தில் மயக்கந் தந்தது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இன்று ஒரே நேரம். ஆனால் 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையிற் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே கொண்டுவரப்பட்டது. 2006ஆம் ஆண்டு ஏப்ரலிலேதான் பழைய நேரம் மீண்டது. அவ்விடைக்காலத்திற் கட்டுநாயக்காவிற் காலை 10 மணிக்குப் புறப்பட்ட விமானம், ஒரு மணி இருபது நிமிடம் பறந்து, சென்னையில் 10 மணி 50 நிமிடத்துக்கு இறங்கியதாக அட்டவணை காட்டும். திரும்பி வரும்போது அதே வழி ஒரு மணி ஐம்பது நிமிடமாகத் தோன்றும். அட்டவணையில் இரு நேரங்களையுங் கழித்துப் பயண காலத்தை அறிய முயல்பவர், அவை எந்நாட்டுக் கடிகாரத்தின் நேரங்கள் என்று முதலிற் பார்த்தல் வேண்டும். நெடுந்தூரப் பயணங்களுக்கு இவ்விதி இன்றும் பொருந்தும்.

2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையம் என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 11ஆம் நாள் சென்னையிலிருந்து பயணிகள் சேவை தொடங்கிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மூடிக் கிடந்த வழி அது. ஆயினும் ஏறத்தாழ நான்கு மாதங்களில், 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொள்ளைநோய் அதனை மீண்டும் அடைத்தது. 2022ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆம் நாளிலேதான் விமானம் திரும்பி வந்தது. 2024ஆம் ஆண்டு செப்தெம்பரில் இரண்டாவது கம்பனியும் இவ்வழியிற் சேவையை ஆரம்பித்தது. கடல்வழியிலும் அசைவு உண்டாயிற்று. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே, 60 கடல் மைலளவான வழியில், 2023ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கப்பல் விடப்பட்டது; சில நாட்களில் நின்று, 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மறுபடி தொடங்கியது.

இப்பொழுது நேர்வழியின் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலிக்கு அரை மணித்தியாலம். அங்கே காத்திருப்பு இரண்டு அல்லது மூன்று மணித்தியாலம். விமானத்தில் ஒன்றே கால் மணித்தியாலமளவு. சென்னையில் வெளியேற ஒரு மணித்தியாலம். ஆக ஐந்து அல்லது ஆறு மணித்தியாலம். பதின்மூன்று ஆறாகக் குறைந்தது பெரும் பேறே. அவ்வாறிலும் வானிற் செல்வது ஒன்றே கால். எஞ்சியவை யாவும் தரையிலேயே செல்கின்றன. எனவே இவ்வழியில் இனிக் காலத்தை மீதப்படுத்த விரும்புவோர் விமானத்தை விரைவுபடுத்த முயல்வதினும், வரிசைகளை விரைவுபடுத்த முயல்வதே அறிவுடைமை. கடவுச்சீட்டு, விசா, சுங்கச் சோதனை ஆகியவற்றில் மிச்சப்படும் ஒவ்வொரு நிமிடமும் எந்த யந்திரமும் தரமுடியாத நிமிடமாகும்.

சில மணித்தியாலங்களுக்கு இத்துணைப் பெரிய கணக்கு ஏன் என்று கேட்பவர் இருக்கலாம். அவர்கள் இரு கரையிலும் உள்ள குடும்பங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் பின்னர் ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து தமிழகத்திற் குடியேறினர். தந்தை அங்கே, மகள் இங்கே. அண்ணன் அங்கே, தம்பி இங்கே. ஒருநாள் விடியற்காலையில் தொலைபேசி ஒலிக்கின்றது. அக்கரையில் தாய் இறந்துவிட்டாள் என்று செய்தி வருகின்றது. வெப்பநாட்டில், எளியவர் வீட்டில், பிரேதத்தை நெடுநேரம் வைத்திருக்கும் வழக்கம் இல்லை. வெளியூரிலிருந்து வரவேண்டிய பிள்ளைக்காக மாலை வரை பொறுப்பார்கள். ஐந்தாறு மணித்தியாலப் பயணமானால், அன்றைய விமானத்தில் இடமும் கையில் அனுமதியும் இருந்தால், மகன் வந்து தாயின் முகத்தைப் பார்த்து வாய்க்கரிசி இடுவான். பதின்மூன்று மணித்தியாலப் பயணமானால், அவன் வந்து சேரும்போது முற்றத்தில் எரியும் விளக்கை மாத்திரமே காண்பான். மூடிக் கிடந்த ஆண்டுகளில் அவ்வாறு விளக்கை மாத்திரம் கண்டவர் எத்தனை பேர்! அதனையுங் காணாது, காகிதத்திற் செய்தி அறிந்து, இருந்த இடத்திலேயே தலைமுழுகியவர் எத்தனை பேர்! தேசப்படத்தின் 350 கிலோமீற்றர் அவர்களுக்கு எவ்வகையிலும் உதவவில்லை.

நோயாளிகள் வகையிலும் இதுவே நிலை. சென்னை மருத்துவமனைகளை நாடிச் செல்வோர் குடாநாட்டில் எக்காலத்தும் உளர். சத்திர சிகிச்சை பெற்றுத் திரும்பும் முதியவரை ஒன்றே கால் மணித்தியாலத்தில் ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பது ஒன்று. அவரைக் கட்டுநாயக்காவில் இறக்கி, அங்கிருந்து 400 கிலோமீற்றர் பஸ் வண்டியிற் குலுக்கிக் கொண்டுவருவது வேறொன்று. ஒரே தூரத்துக்குரிய இரு பயணங்கள் அவை என்று எவருஞ் சொல்லார்.

ஆயினும் விமானச் சீட்டின் விலை எல்லார்க்கும் எட்டுவதன்று. போட் மெயிலின் மூன்றாம் வகுப்பிற் சென்றவரின் பேரப்பிள்ளைகள் அனைவரும் விமானத்தில் ஏறிவிட முடியாது. அதனாலேயே கப்பல் வழியையும் பேணுதல் வேண்டும். நான்கு மணித்தியாலமளவிற் கடலைக் கடக்கும் கப்பல், சென்னைக்கு அன்றி நாகபட்டினத்துக்கே கொண்டுசேர்ப்பினும், சுமையோடு செல்லும் எளியவர்க்கு அதுவே உற்ற வழி. கப்பலோ காற்றுக்கும் கடலுக்கும் கட்டுப்பட்டது; வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் நின்றுவிடும். விமானமும் கப்பலும் ஒன்றற்கொன்று போட்டியல்ல. ஒன்று நிற்கும்போது மற்றது செல்லுமாயின் வழி என்றும் மூடாதிருக்கும்.

பாடசாலைகளிற் பூமிசாத்திரம் கற்பிப்போர் இவ்விரு நகரங்களையும் மாணவர்க்கு ஒரு பயிற்சியாகக் கொடுக்கலாம். முதலில் அகலக்கோட்டைக் கொண்டு தூரத்தைக் கணிக்கச் சொல்லுங்கள். அது 205 கடல் மைல் என்று வரும், என்றும் அவ்வாறே வரும். பின்பு 1930ஆம் ஆண்டிலும், 1950ஆம் ஆண்டிலும், 2000ஆம் ஆண்டிலும், 2023ஆம் ஆண்டிலும் ஒருவர் வீட்டு வாயிலிலிருந்து வீட்டு வாயில் வரை செல்ல எவ்வளவு காலம் எடுத்திருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். நான்கு விடைகளும் வெவ்வேறாக இருக்கும். அவற்றுள் 2000ஆம் ஆண்டின் விடை 1950ஆம் ஆண்டின் விடையிலும் நீண்டிருப்பதைக் கண்டு பிள்ளைகள் காரணங் கேட்பார்கள். அக்காரணத்தை அவர்களுக்கு மறைக்காமற் சொல்லுதல் ஆசிரியர் கடமை. தூரத்தை இயற்கை வகுத்தது; காலத்தை மனிதர் வகுத்தனர். திறந்த வழியைத் திறந்தபடியே வைத்திருப்பதும் மனிதர் கையிலேயே இருக்கின்றது.